ஈசான் கிராமத்தில் ஒன்பது வருஷம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

ஈசானிமூலை:
தாய்லாந்துக் கிராமம் எப்படி இருக்கும், நம் ஊர் மாதிரிதானா என்று ஒருவர் கேட்டிருந்தார். பதில் எழுத ஆரம்பித்து நீண்டுகொண்டே போனதால் தனி இழையாகவே போட்டுவிடுகிறேன்.

நான் இருப்பது ரொய் எத் மாகாணத்தின் தெற்குப் பகுதி. மனைவியின் ஊர். நாட்டின் வடகிழக்கை இங்கே ஈசான் என்பார்கள். வாஸ்துக்காரர் சொல்கிற அதே ஈசானி மூலைதான், என் பயனர் பெயரும் அதனால்தான். எங்கள் ஊர் துங் குலா ரொங்ஹாய் என்ற பெரிய சமவெளியின் ஓரத்தில் இருக்கிறது. பெயருக்குப் பொருள் 'குலாக்காரர்கள் அழுத வெளி'. பர்மா பக்கமிருந்து சரக்கு சுமந்து வந்த வியாபாரிகளைத்தான் குலா என்றார்கள். தண்ணீரும் நிழலும் இல்லாமல் இதை நடந்து கடக்க முடியாமல் உட்கார்ந்து அழுதுவிட்டார்களாம். ரொய் எத், சுரின், சிசாகெட், யசோதொன், மகா சாரகாம் என்று ஐந்து மாகாணங்களில் கிடக்கிறது, சுமார் 20 லட்சம் ராய். (ஒரு ராய் 1,600 சதுர மீட்டர். இரண்டரை ராய் நம் ஒரு ஏக்கர்.) அவர்கள் அழுத இடத்தில்தான் இன்றைக்கு உலகம் முழுக்கப் போகிற மல்லிகை அரிசி விளைகிறது.

அதை விளைவிக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் அதைச் சாப்பிடுவதில்லை. மாமனாருக்கு 14 ராய். பத்து ராயில் மல்லிகை நெல், நாலு ராயில் ஒட்டரிசி நெல் (வெந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற அரிசி, எங்கள் ஊரில் தினமும் தின்பது அதைத்தான்). முன்னது ஆலைக்குப் போகும். பின்னது வீட்டுக்குப் பக்கத்தில் கால் நட்டு உயரத்தில் கட்டிய நெற்களஞ்சியத்துக்குப் போகும். அது நிறைந்துவிட்டால் அந்த வருஷம் மாமியாருக்குக் கவலை இல்லை, மற்ற வரவு எப்படிப் போனாலும் சரி. வயல் சோறு போடும், காசு போடாது என்பதுதான் ஒன்பது வருஷத்தில் நான் கண்டது. ஆனால் இதை வந்த முதல் வருஷமே புரிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய்.

காலை ஆறு மணிக்கு ஊர்த் தலைவர் ஒலிபெருக்கியில் ஆரம்பித்துவிடுவார். முதலில் ஒரு பாட்டு, அப்புறம் கொசுமருந்து அடிக்கிற தேதி, வங்கிக் கூட்டம், யார் வீட்டில் சாவு. முதல் வருஷம் காதைப் பொத்திக்கொண்டேன். இப்போது அது ஒலிக்காத நாளில் மின்சாரம் போய்விட்டதா என்று பார்க்கிறேன்.

கடைமடை:
அண்ணே, நான் நாகப்பட்டினம் பக்கம், பெயரிலேயே தெரியும். நேரடியாக விஷயத்துக்கு வருகிறேன். என்ன ரகம், எத்தனை நாள் பயிர், தண்ணீர் எப்படி, ஏக்கருக்கு எத்தனை மூட்டை? நடவா, தெளிப்பா?

ஈசானிமூலை:
கடைமடைத் தம்பி, இப்படிக் கேட்டால்தான் எழுத உற்சாகம் வருகிறது.

மல்லிகை ரகத்தின் பெயர் காவ் டாக் மலி 105. (மலி என்பது நம் மல்லிதான், சொல் ஒன்றே. பெயர் அரிசியின் வெள்ளை நிறத்துக்காக. மணம் என்னவோ ரம்பை இலை மணம்.) 1950 வாக்கில் பாங்காக்குக்குக் கிழக்கே சாச்சொங்சாவ் மாகாணத்தில் 199 கதிர்கள் சேகரித்து, வரிசை வரிசையாக நட்டுப் பார்த்ததில் 105-வது வரிசை தேறியது. 1959இல் வெளியிட்டார்கள். இன்னும் அதற்கு மாற்று வரவில்லை. எங்கள் வீட்டு ஒட்டரிசி ஆர்.டி.6, அது இதே 105-ஐக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி எடுத்த பிள்ளை. 1977இல் வந்தது. ஆக விற்கிறதும் தின்கிறதும் ஒரே குடும்பம்.

இரண்டுமே நாள் பார்த்துப் பூக்கிற ரகம், நம் பழைய சம்பா மாதிரி. மே மாதம் விதைத்தாலும் ஜூலையில் விதைத்தாலும் பகல் குறைந்து அக்டோபர் 20 வாக்கில்தான் பூக்கும், நவம்பர் கடைசியில் அறுப்பு. அதனால் 'எத்தனை நாள் பயிர்' என்று கேட்டால் இங்கே சிரிப்பார்கள்.

தண்ணீர் வானம் கொடுத்தால் உண்டு. எங்கள் பக்கம் வாய்க்கால் இல்லை, ஒரே போகம். மணல் மண், அடியில் உப்பு. கோடையில் சில வயல்களில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். ராய்க்கு 350 கிலோ வந்தால் நல்ல வருஷம். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 60 கிலோ மூட்டையில் பதினைந்து கூடத் தேறாது.

நடவு என் மாமனாரின் சிறுவயதுக் கதை. அப்போது ஒருவர் வயலுக்கு ஊரே முறை வைத்துப் போய் நட்டுக் கொடுக்கும், சோறும் கள்ளும் வயல்காரர் செலவு. அதற்கு லொங் கேக் என்று பெயர். கேக் என்றால் விருந்தாளி. இந்தியர்களையும் அதே சொல்லால்தான் கூப்பிடுகிறார்கள். ஆக நான் எப்போதும் 'விருந்தாளி'தான், களை பிடுங்கினாலும்! இப்போது ஆள் இல்லை, தெளிப்புதான். ஒட்டரிசி நாலு ராய்க்கு மட்டும் மாமியார் விடாப்பிடியாக நடுகிறார், தெளித்தால் களை ஏறிவிடும் என்று.

கடைமடை:
பதினைந்து மூட்டையா! எங்கள் ஊரில் முப்பத்தைந்து எடுத்துவிட்டே நட்டம் என்று புலம்புகிறோம். எப்படி அண்ணே பிழைக்கிறார்கள்?

பட்டணத்தான்:
அண்ணா, படிக்கவே சொர்க்கம் மாதிரி இருக்கிறது. நான் பதினொரு வருஷமாக ஐடியில் இருக்கிறேன், போதும் போதும் என்றாகிவிட்டது. அங்கே ஐந்து ராய் வாங்கி ஒரு மரவீடு, குளம், நாலு வாத்து என்று இருந்துவிடலாமா? செலவு எவ்வளவு ஆகும்?

சுரின்ரிட்டர்ன்:
தம்பி, வாங்க முடியாது. வெளிநாட்டுக்காரர் பெயரில் அங்கே நிலம் பதிவாகாது. அடுக்குமாடியில் வீடு வாங்கலாம், மண்ணை வாங்க முடியாது. மனைவி பெயரில் வாங்குவார்கள், அவர் அனுபவ உரிமையை இவர் பெயருக்கு ஆயுள் வரை எழுதிக்கொடுப்பதும் உண்டு. கிராமத்தில் நிறைய நிலம் சோ போ கோ பத்திர நிலம். நிலச் சீர்திருத்தத்தில் கொடுத்தது, விற்கவே கூடாது, வாரிசுகளுக்குத்தான் போகும். அதையும் 'சல்லிசு விலை' என்று உங்கள் தலையில் கட்ட ஆள் இருக்கிறார்கள், கவனம்.

நான் சுரின் மாகாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் ஆங்கிலம் நடத்தினேன். மூலை அண்ணன் எழுதியதைப் படித்து ஈசான் முழுக்க ஒட்டரிசி என்று நினைத்துவிடாதீர்கள். நான் இருந்த பக்கம் கெமெர் பேசுகிறவர்கள், அவர்கள் சாதாச் சோறுதான் சாப்பிடுவார்கள். மல்லிகை அரிசியை விளைவித்துத் தானும் தின்கிற ஊர் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வகுப்பில் முப்பது பிள்ளைகள் என்றால் பாதிப் பேருக்கு மேல் தாத்தா பாட்டியோடு இருந்தார்கள். அம்மா பாங்காக்கில் தொழிற்சாலையில், அப்பா தைவானிலோ கொரியாவிலோ. பெற்றோர் கூட்டம் என்றால் வெற்றிலை போட்ட பாட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கடைமடைத் தம்பி கேட்டதற்குப் பதில் அதுதான். மாதாமாதம் வெளியே இருந்து வருகிற பணத்தில் வயல் நடக்கிறது, வயலில் இருந்து பணம் வருவதில்லை. மரவீடும் வாத்தும் இருக்கிறது, சரி. அதற்குப் பின்னால் யார் எங்கே கிடந்து உழைக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

ஈசானிமூலை:
அக்கா சொன்னது முழுக்கச் சரி. எங்கள் ஊர் லாவோ பேசுகிற ஊர், நான் எழுதியது அந்த வழக்கத்தை மட்டும்தான்.

என் மைத்துனர் கொரியாவில் காளான் பண்ணையில் இருக்கிறார். அவர் அனுப்புகிற காசில்தான் உரம், டீசல், அறுவடை இயந்திரக் கூலி எல்லாம். இயந்திரம் லாரியில் ஏறி மாகாணம் மாகாணமாக வரும், வருகிற அன்று வயல் தயாராக இல்லாவிட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடும். நெல்லை ஈரத்தோடு அறுத்து அப்படியே ஆலைக்குக் கொண்டுபோனால் ஈரத்துக்கு என்று விலையில் வெட்டுவார்கள். காயவைக்க இடம் வேண்டும். அதனால் நவம்பர் கடைசியில் கோயில் முற்றம், பள்ளிக்கூட மைதானம், சாலையில் பாதி எல்லாம் நெல். போன வருஷம் காயப்போட்ட இரண்டாம் நாள் பருவம் தப்பிய மழை. தார்ப்பாய் போதவில்லை, மாமியார் வீட்டுப் போர்வைகளைக் கொண்டுவந்து போர்த்தினார். நனைந்த நெல்லை ஆலையில் கேட்ட விலைக்குக் கொடுத்தோம். மைத்துனரிடம் தொலைபேசியில் சொல்லவே மாமனாருக்கு மனம் வரவில்லை.

2011இல் வந்த யிங்லக் அரசு மல்லிகை நெல்லை டன்னுக்கு 20,000 பாட் கொடுத்து எடுத்தது. அந்தக் காலத்தைப் பற்றி மாமனார் திருவிழா மாதிரிப் பேசுவார். 2013 கடைசியில் பணம் வருவது நின்றது, 2014 மேயில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த நெல் கொள்முதலில் நடந்த ஊழல், நட்டம் எல்லாம் செய்தியில் படித்திருப்பீர்கள். ஊரில் அதைச் சொன்னால், 'பாங்காக்காரனுக்குக் கொடுத்தால் வளர்ச்சி, எங்களுக்குக் கொடுத்தால் நட்டமா' என்று திருப்பிக் கேட்பார்கள். நான் இதில் வாயைத் திறப்பதில்லை, மருமகன் இல்லையா.

நேர்கோடு:
எறும்பு தின்கிறார்கள், எலி தின்கிறார்கள் என்று யூடியூபில் பார்த்திருக்கிறேன். வறுமையை அழகாகக் காட்டுகிற வேலை இது. இந்த இழையும் அதே வழியில்தான் போகிறது.

ஈசானிமூலை:
முக்கியமாகத் தின்பது எறும்பை இல்லை ஐயா, கூட்டுக்குள் இருக்கிற புழுவையும் கூட்டுப்புழுவையும்தான், பேச்சில் முட்டை என்போம். எறும்பு வேறொன்றுமில்லை, மாமரத்தில் இலையைச் சேர்த்துக் கூடு கட்டுகிற நம் முசுறுதான். மாசி, பங்குனி வாக்கில் நீளமான மூங்கில் கழியின் நுனியில் கூடை கட்டிக் கூட்டைக் குத்தி உலுக்குவார்கள். கூடையில் விழுந்ததை மாவு தூவிய பாத்திரத்தில் கொட்டினால் எறும்பு மாவில் கால் நிற்காமல் முட்டையை விட்டுவிடும். கழியைப் பிடித்திருக்கிற ஆள் (நான்) கழுத்தெல்லாம் கடி வாங்குவான். சந்தையில் முட்டை கிலோ 300 பாட்டுக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை, கோழி அதில் நாலில் ஒரு பங்குதான். வறுமைக்குத் தின்கிற பண்டம் இந்த விலைக்கு விற்குமா? புளிப்பாக, வெண்ணெய் மாதிரி இருக்கும். வேப்பம்பூவை அவித்து இனிப்பு மீன்சாற்றில் தொட்டுச் சாப்பிடுவார்கள், அதையும் வறுமை என்பீர்களா? நம் வீட்டில் சித்திரைக்குப் பச்சடி செய்கிற அதே பூ.

முதல் மழை பெய்த ராத்திரி ஊர் முழுக்க நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு தவளை பிடிக்கப் போகும். பள்ளிக்கூடப் பிள்ளை முதல் ஊர்த் தலைவர் வரை. அப்புறம் புற்றுக்காளான். இங்கே வயலுக்கு நடுவிலேயே கறையான் புற்றும் அதன்மேல் மரமுமாக விட்டுவைத்திருப்பார்கள், வந்த புதிதில் ஏன் இதை வெட்டிச் சமப்படுத்தவில்லை என்று மாமனாரிடம் கேட்டேன். மணல் காட்டில் சத்துள்ள மண் அந்தப் புற்றில்தான் இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வயலில் இறைப்போம், வெயிலுக்கு நிழல், மழைக்குக் காளான், வெள்ளம் வந்தால் பாம்புக்கும் ஒரு இடம் என்றார். கடைசியில் சொன்னது கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை.

கொக்குப்பார்வை:
பறவைக்காரன் ஒருவன் உள்ளே வரலாமா? தாய்லாந்து வயல் என்றால் எனக்கு நத்தைகுத்தி நாரைதான். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியுமே, அதே நாரை. முன்பு வலசை வந்து பாங்காக்குக்கு வடக்கே வாட் பை லொம் கோயில் மரங்களில் கூடு கட்டிவிட்டுப் போகும். 1980களில் தென் அமெரிக்காவைச் சேர்ந்த தங்க ஆப்பிள் நத்தை வந்து வயலெல்லாம் பரவியது. நாரைக்குத் தீனி கொட்டிக் கிடக்கவே, இப்போது வருஷம் முழுக்க இருக்கின்றன, எண்ணிக்கையும் பல மடங்கு.

அடுத்து சாரஸ் கொக்கு. தாய்லாந்துக் காடுகளிலிருந்து அறவே மறைந்திருந்ததை, பண்ணையில் வளர்த்து 2011 முதல் புரிராம் மாகாணத்து நீர்நிலைகளில் விட்டார்கள். அவை நெல்வயலுக்குள்ளேயே கூடு கட்டுகின்றன. ஆள் உயரக் கொக்கு நடுவயலில் முட்டையிட்டால் அந்த இடத்தை உழாமல் விட வேண்டும், மருந்தும் அடிக்கக்கூடாது. விவசாயிகள் ஒத்துக்கொள்வார்கள் என்று நான் நம்பவில்லை. ஒத்துக்கொண்டார்கள். கொக்கின் பெயரிலேயே அரிசியும் விற்கிறார்கள்.

கடைமடை:
அந்த நத்தை வரிசைவரிசையாக ரோஸ் நிறத்தில் முட்டை வைக்குமே, அதுதானே? இளம்பயிரை அடியோடு அறுத்துவிடும் என்று படித்திருக்கிறேன். மருந்து அடிப்பார்களா?

ஈசானிமூலை:
அதேதான். தெளித்த வயலில்தான் ஆபத்து. முளைத்து இருபது நாள் வரை தண்ணீரை வடித்து வைத்தால் நத்தை நகராது, ஆனால் வடித்த தண்ணீரைத் திரும்ப நிறுத்த வானத்திடம்தான் கேட்க வேண்டும். மருந்து அடிக்கிறவர்கள் உண்டு. நாங்கள் பொறுக்கி வாத்துக்குப் போடுகிறோம். களைக்கொல்லியில் பாராகுவாட்டை 2020 ஜூனில் அரசே தடை செய்துவிட்டது. தடைக்குப் பின்னும் பக்கத்து வயலில் என்ன அடிக்கிறார்கள் என்று நான் மோந்து பார்க்கப் போவதில்லை.

வைக்கோல், தாள் எரிப்பதையும் மறைக்க வேண்டாம். கரும்பை எரித்து வெட்டுவது, தாள் எரிப்பு இரண்டும் சேர்ந்து ஜனவரியிலிருந்து மார்ச் வரை வானம் சாம்பல் நிறம். துணி காயப்போட்டால் கரித்துகள் விழும். பட்டணத்தான் தம்பி கற்பனை பண்ணுகிற மரவீட்டில் அந்த மூன்று மாதமும் சன்னலைச் சாத்திக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

சுரின்ரிட்டர்ன்:
செருப்பில்லாமல் சேற்றில் இறங்குகிற ஆசை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அங்கே 'மண் காய்ச்சல்' என்று ஒன்று உண்டு, மெலியாய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கிற கிருமி, காலில் கீறல் வழியாக ஏறும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ரொம்ப மோசம். எங்கள் பள்ளிக்கூடக் காவலாளி, வயல் வேலைக்குப் போனவர், பத்து நாள் காய்ச்சலில் போய்விட்டார். முதலில் போன இடத்தில் சாதாக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தமிழ்நாட்டிலும் இந்த நோய் உண்டு, பெயர்தான் பலருக்குத் தெரியாது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பச்சை மீனைப் பொடியாகக் கொத்திச் செய்கிற கொய் பிளாவையும் தொடாதீர்கள். கல்லீரல் புழு வந்து, இருபது முப்பது வருஷம் கழித்துப் பித்தநாளப் புற்றில் கொண்டுபோய் விடும். ஈசானில் அது ஏராளம்.

பட்டணத்தான்:
சரி சரி, நிலம் வாங்கவில்லை! ஆனால் ஒரு கேள்வி. இவ்வளவு கஷ்டத்தில் ஏன் இன்னும் நெல் போடுகிறார்கள்? யூகலிப்டஸ், ரப்பர் என்று வைத்துவிட்டுப் போகலாமே.

ஈசானிமூலை:
வைத்திருக்கிறார்களே. வரப்பில் யூகலிப்டஸ், மேட்டில் மரவள்ளி, ரப்பர். எல்லாம் உண்டு. ஆனால் அந்த நாலு ராய் ஒட்டரிசியை யாரும் தொடமாட்டார்கள். கடையில் வாங்கினால் மலிவு என்று ஒரு முறை கணக்குப் போட்டு மாமியாரிடம் காட்டினேன். தாளைப் பார்த்துவிட்டு, 'கணக்கு சரிதான், சாப்பிட வா' என்றார்.

பயிர் பொதிகட்டுகிற சமயத்தில், அதாவது சூல் கொண்டிருக்கும்போது, வயலில் ஒரு சின்னப் படையல் வைப்பார். மே போசொப் என்கிற நெல் தாய்க்கு. புளிப்புப் பழம், இனிப்பு, கண்ணாடி, சீப்பு, பவுடர். மசக்கைக்காரிக்குப் புளிப்பு வேண்டுமாம். ஆடிப்பெருக்கில் காவிரிக்கு மசக்கை என்று சித்திரான்னம் கட்டிக்கொண்டு போவோமே, முதல் தடவை பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம். ஊரில் இதைச் செய்கிற வீடுகள் இப்போது நாலைந்துதான்.

கடைமடை:
மழைக்கு என்ன செய்வார்கள் அண்ணே? எங்கள் ஊரில் கொடும்பாவி கட்டி இழுப்போம்.

ஈசானிமூலை:
மே மாதம் ராக்கெட் விடுவார்கள், புன் பாங் ஃபாய் என்று. மேலே இருக்கிற பயா தேன் என்ற தேவனுக்கு 'மழையை மறந்துவிட்டாயா' என்று ஞாபகப்படுத்துகிறதாம். யசோதொனில் பெரிய விழா. ராக்கெட் கிளம்பாமல் புஸ்ஸென்று போனால் அந்த அணியைத் தூக்கிச் சேற்றில் போடுவார்கள். அப்படியும் பெய்யாவிட்டால் பூனையைக் கூடையில் வைத்து ஊர்வலம், வீட்டுக்கு வீடு அதன்மேல் தண்ணீர் தெளிப்பார்கள், பூனை கத்தினால் மழை வரும். பூனையைப் படுத்தாதீர்கள் என்று ஆட்சேபம் கிளம்பிய பிறகு சில ஊர்களில் டோரேமான் என்ற கார்ட்டூன் பூனைப் பொம்மையைக் கூடையில் வைத்துத் தூக்குகிறார்கள். பொம்மை எப்படிக் கத்தும் என்று கேட்டேன். அதான் இந்த வருஷம் மழை தாமதம் என்றார் மாமனார்.

சுரின்ரிட்டர்ன்:
வரதட்சணை தலைகீழ் என்பதையும் சொல்லுங்கள் அண்ணா, தம்பிமார் தெரிந்துகொள்ளட்டும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டும், கட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்கும் போக வேண்டும். கடைசிப் பெண்ணுக்கு வீடு, அவள்தான் பெற்றோரையும் பார்த்துக்கொள்வாள்.

ஈசானிமூலை:
கொடுத்தேன். எவ்வளவு என்று இங்கே எழுதமாட்டேன், என் அம்மாவும் இதைப் படிக்கிறார்.

கடைமடை:
கடைசியாக ஒன்று. அந்த ஒட்டரிசியை எப்படிச் சமைக்கிறார்கள்? இங்கே செய்து பார்க்கலாமா?

ஈசானிமூலை:
ராத்திரியே ஊறவைக்க வேண்டும். காலையில் கூம்பு மாதிரி மூங்கில் கூடையில் போட்டு, குறுகிய வாய்ப் பானையில் கொதிக்கிற தண்ணீருக்கு மேலே வைத்து ஆவியில் வேகவைப்பார்கள். தண்ணீர் அரிசியைத் தொடக்கூடாது. பாதியில் கூடையைக் குலுக்கி ஒட்டுமொத்தமாகப் புரட்டிப் போடுவார்கள், அது ஒரு வித்தை, நான் இரண்டு முறை தரையில் போட்டிருக்கிறேன். வெந்ததும் மரப்பலகையில் கொட்டி ஆவியைப் போக்கி, கிரதிப் என்ற பின்னல் பெட்டியில் அடைத்துவிட்டால் சாயங்காலம் வரை மென்மையாக இருக்கும். முதல் பிடி பிக்குகளின் பாத்திரத்துக்கு, மிச்சம் வயலுக்கு.

உனக்குக் கூடை எதற்குத் தம்பி, இட்லிப் பானை இருக்கிறதே. அரிசிதான் பிரச்சினை, நம் பச்சரிசி ஒட்டாது.

கொக்குப்பார்வை:
செட்டிநாட்டுக் கவுனி அரிசி ஒட்டரிசிதானே? பர்மாவிலிருந்து வந்தது என்பார்கள்.

கடைமடை:
வீட்டில் கறுப்புக் கவுனி இருந்தது. நேற்று ராத்திரி ஊறப்போட்டு இன்று காலை இட்லித் துணியில் கொட்டி வைத்தேன். இருபது நிமிஷத்தில் அரைவேக்காடு, தண்ணீர் தெளித்துப் புரட்டிப் போட்டதில் முக்கால் மணி நேரத்தில் வெந்தது. துணியெல்லாம் ஊதா நிறம், அம்மா திட்டுகிறார். உருட்டிக் கருவாட்டுக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டோம். அப்பா மட்டும் 'இது பொங்கலா, களியா, முதலில் அதைச் சொல்' என்று கேட்டுக்கொண்டே மூன்று உருண்டை தின்றார்.